எட்மண்ட் சாரின் வாழ்க்கைக் குறிப்பு

புதன்கிழமை காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்த எட்மண்ட் சார், வாஷ்பேசினைப் பிடித்தபடியே சரிந்தார். அடுப்படியிலிருந்து அமலராணி ஓடிவந்து தாங்கியபோது தலை தோளில் சாய்ந்துவிட்டது. எழுபது வயது. முந்தின நாள் சாயந்திரம்கூட மழைக்கோட்டு போட்டுக்கொண்டு முடிச்சூர் சாலை வரை நடந்து போய், கால்வாயில் தண்ணீர் எவ்வளவு போகிறது என்று பார்த்துவிட்டு வந்தவர்.

மகன் ஜோஸ்வின் மஸ்கட்டிலிருந்து வர வேண்டும் என்பதால் அடக்கம் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு என்று முடிவாயிற்று. முன் ஹாலில் சோபாக்களை எடுத்துவிட்டு ஃப்ரீசர் பெட்டியை வைத்தார்கள். வெளியே ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். வருகிறவர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்கள். எதிர்வீட்டுக்காரர்கள் பெரிய ஃபிளாஸ்கில் காபியும், வாழை இலையில் கட்டிய இட்லியும் கொண்டுவந்து வைத்தார்கள். சாவு வீட்டில் அடுப்பு மூட்டவில்லை.

வியாழக்கிழமை காலை ஜெபம் முடிந்ததும் ஆயர், மகள் ஜீவிதாவைத் தனியாக அழைத்தார்.

"அடக்க ஆராதனையில வாழ்க்கைக் குறிப்பு வாசிக்கணும்மா. நீ டீச்சர், நீயே எழுதிடு. ரெண்டு பக்கம் போதும். பிறப்பு, படிப்பு, திருமணம், வேலை, சபையில செஞ்ச ஊழியம்."

ஜீவிதா ஒரு கோடு போட்ட தாளை எடுத்துக்கொண்டு உள்ளறையில் உட்கார்ந்தாள். பிறப்பு, படிப்பு, திருமணம் மூன்றும் பத்து நிமிடத்தில் முடிந்தன. வேலை என்று எழுதிவிட்டு பேனாவை மூடினாள். அப்பா முப்பத்தெட்டு வருஷம் ஒரே மரக் கம்பெனியில் இருந்தார். முடிச்சூர் சாலையில் பெரிய மரக்கிடங்கும் அறுவை மில்லும் உள்ள நவமணி டிம்பர்ஸ். துறைமுகத்தில் மரம் எண்ணும் கிளார்க்காகச் சேர்ந்து ஜெனரல் மேனேஜராக ஓய்வு பெற்றார். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். வருஷத்தில் பாதி நாள் தூத்துக்குடி, ரங்கூன், மலேசியா என்று எங்காவது இருப்பார். வீட்டுக்கு வந்தால் சட்டையில் மரத்தூள் வாசனை வரும். அங்கே என்ன செய்தார், யாரோடு சாப்பிட்டார், எதற்குப் பயந்தார் என்று யாரும் கேட்டதில்லை.

வீட்டுக்குத் தெரிந்த எட்மண்ட் வேறு ஆள். எந்த வீட்டுக்குப் போனாலும் வாசல் நிலையை விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டாமல் உள்ளே நுழைய மாட்டார். நகத்தால் சுரண்டி மோந்து பார்ப்பார். ஜீவிதாவுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன குரோம்பேட்டை வீட்டில், "இது தேக்குன்னு சொல்லி குடுத்தாங்களா? சாயம் போட்ட பைன் சார் இது" என்று காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லிவிட்டார். அமலராணிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. திரும்பி வரும்போது ரயிலில், "கதவுலயே ஏமாந்தவங்க, நம்ம பொண்ணை எப்படிப் பாத்துப்பாங்க" என்றார். அதையெல்லாம் சர்ச்சில் வாசிக்க முடியாது.

வாசிக்கக்கூடியது ஒன்று இருந்தது. சுவரில் மாட்டிய பத்திரிகைத் துண்டு. இரண்டாயிரத்துப் பதினைந்து டிசம்பர் வெள்ளத்தில், கம்பெனியின் பின்பக்க மதில் தண்ணீரைத் தேக்கிக்கொண்டிருந்ததால் பின்தெருவில் நாற்பது குடும்பங்கள் மாட்டிக்கொண்டன. மதிலை இடித்துத் தண்ணீருக்கு வழிவிட்டு அவர்களைக் காப்பாற்றிய மேனேஜர் என்று அப்பாவின் படம் போட்டிருந்தது. பக்கத்திலேயே மர வியாபாரிகள் சங்க விழாவில் சால்வை போர்த்திய படம். ஜீவிதா அதை வைத்து ஒரு முழுப் பத்தி எழுதினாள். எழுதும்போதே கண் நிறைந்தது. எழுந்து போய் அம்மாவிடம் வாசித்துக் காட்டினாள்.

அமலராணி பெட்டியின் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தாள். கேட்டு முடித்தபின் சுவரில் இருந்த படத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"வேலையைப் பத்தி எழுதணும்னா அனகாபுத்தூருக்குப் போ. முத்து அண்ணனைக் கேளு."

"சுவிசேஷமுத்து அங்கிளா? அவர் நம்ம வீட்டுக்கு வந்தே பத்து வருஷம் ஆச்சேம்மா. அப்பாவும் அவரும் பேசிக்கிறதே இல்ல."

"கிறிஸ்மஸுக்குக் கேக் டப்பா போகுதில்ல? அதுல முறுக்கு போட்டுத் திரும்பி வருதில்ல? போ. எழுதினதைக் காட்டு. அவர் சரின்னு சொன்னா வாசி."

தாவீது தன் ஆட்டோவை வாசலிலேயே நிறுத்திவைத்திருந்தான். மில்லில் இருபது வருஷம் மரம் அறுத்தவன். மில்லை மூடிய பிறகு ஆட்டோ ஓட்டுகிறான். நேற்றிலிருந்து வீட்டுக்குப் போகவில்லை. நாற்காலி இறக்குவது, ஃப்ரீசருக்குக் கரண்ட் பார்ப்பது, வருகிறவர்களுக்குக் கை கொடுத்துத் தண்ணீரைத் தாண்டவைப்பது எல்லாம் அவன்தான்.

தாம்பரம் மேம்பாலம் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் வண்டி ஊர்ந்தது. இரண்டு பக்கமும் தார்ப்பாயை இறக்கிவிட்டிருந்தும் சாரல் அடித்தது.

"முந்தாநாளு சாய்ந்தரம் பாத்தேன் பாப்பா," என்றான் தாவீது. "கால்வா பக்கத்துல நின்னுகினு இருந்தாரு. 'தாவீது, வண்டிய மேட்டாண்ட ஏத்தி நிறுத்து, மழை வலுக்கும்'னாரு. என் வண்டிக்கு வழி சொல்லிட்டு அவரு போய்ட்டாரு."

"மில்லுல அப்பா எப்படி இருப்பாரு தாவீது அண்ணா?"

"இன்னா சொல்றது. கத்துவாரு. ஒரு பலகை கோணலா அறுத்தா போதும், 'நாப்பது வருஷம் நின்ன மரம்டா, நாலு நிமிசத்துல பாழாக்கிட்டியே'ன்னு தலையில கைய வச்சிக்குவாரு. ஆனா ஒரு தபா எனக்கு ரெண்டு வெரல் மெஷின்ல மாட்டிக்கிச்சு. இதோ பாரு, இத்த. துணியில சுத்திக்கினு அவர் வண்டியிலயே இட்டுகினு போனாரு. ஆஸ்பத்திரில நான் அழுவல. அவரு அழுதாரு."

"வெள்ளத்தப்ப நீங்க அங்கதானே இருந்தீங்க?"

தாவீது கண்ணாடி வழியாக அவளை ஒருமுறை பார்த்தான். பிறகு சாலையைப் பார்த்தான்.

"இருந்தேன். அத்த நீ முத்து சாரையே கேட்டுக்க பாப்பா. நான் சொன்னா நல்லா இருக்காது."

அனகாபுத்தூரில் ஆற்றுப் பக்கத்துச் சந்துகள் ஆட்டோவுக்குக் குறுகல். தாவீது முனையிலேயே நிறுத்திக்கொண்டான். சுவிசேஷமுத்துவின் வீடு மூன்றாவது. கதவு திறந்திருந்தது. வெள்ளை வேட்டி சட்டையில், குடையை மடியில் வைத்துக்கொண்டு அவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். எங்கேயோ கிளம்பி உட்கார்ந்தவர் மாதிரி இருந்தது.

"நேத்து காலையிலருந்து இப்படித்தான்," என்றாள் அவர் மனைவி ஞானம்மாள். "சேதி வந்ததும் சட்டையை மாத்துனாரு. வாசல் வரைக்கும் போறாரு, திரும்பி வந்து உக்காந்துக்கிறாரு. நீயாவது கூட்டிட்டுப் போம்மா."

சுவிசேஷமுத்து கம்பெனியில் பர்ச்சேஸ் மேனேஜராக இருந்தவர். ஒல்லி. முன்பெல்லாம் சத்தமாகப் பேசுவார் என்று ஜீவிதாவுக்கு ஞாபகம். இப்போது காபியை ஆற்றிக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"வலி ஏதும் இல்லியே?"

"இல்ல அங்கிள். ஒரு நிமிஷம்தான்."

"நல்லது."

அவள் வந்த காரியத்தைச் சொன்னாள். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது. குடையை எடுத்துக் கீழே வைத்தார்.

"ஜி.எம். பத்தி ரெண்டு பக்கத்துலயா எழுதச் சொன்னாரு உங்க ஆயர்? தூத்துக்குடி ஹார்பருக்கே பத்து பக்கம் வேணும். எழுதிக்கோ. மே மாசம், பன்னெண்டு மணி வெயில். கப்பல்லருந்து இறக்கின மரம் மலை மாதிரி கிடக்கும். மத்த கம்பெனி மேனேஜருங்க ஏ.சி. ரூம்ல உக்காந்து லிஸ்ட்டைப் பாப்பாங்க. இவரு டேப்பை எடுத்துக்கிட்டு மேல ஏறிடுவாரு. ஒவ்வொரு மரத்தையும் சுத்தளவு எடுக்கணும், ரெண்டு முனையிலயும் சுத்தியால தட்டிக் கேக்கணும். உள்ள பொந்து இருந்தா சத்தம் மாறும். சூடு தாங்காம செருப்பு ஒட்டிக்கும். நான் கீழ நின்னு எழுதிக்குவேன். மத்தியானம் அந்த மர நிழல்லயே உக்காந்து புளிச்சோறும் துவையலும். ரங்கூனுக்குப் பதினோரு தடவை போனோம். அங்க ஒரு வாரம் வாழைப்பழமும் பிஸ்கட்டும்தான் தின்னாரு."

"ஏன்?"

"எது என்ன கறின்னு கேக்க வெக்கம். இத்தனைக்கும் நாலு பாஷையில பேரம் பேசுவாரு."

ஞானம்மாள் சிரித்தாள். ஜீவிதாவும் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னொண்ணு எழுது. மலேசியாவுல ஒரு லாட்டு மரம் மொத்தமா வாங்கினோம். பாக்க அருமையா இருந்துச்சு. இங்க வந்து அறுத்தா பாதிக்கு மேல உள்ள சொத்தை. நான் தட்டிப் பாத்து சரின்னு சொன்ன மரம் அது. முதலாளி கூப்பிட்டு யார் பாத்ததுன்னாரு. 'நான்தான் கையெழுத்துப் போட்டேன், நான்தான் பொறுப்பு'ன்னு சொல்லிட்டாரு. ஒரு வருஷம் அவருக்குப் பதவி உயர்வு நின்னு போச்சு. என்கிட்ட அதைப் பத்தி ஒரு பேச்சு பேசல."

ஜீவிதா வேகமாக எழுதிக்கொண்டாள். பிறகு தான் எழுதி வந்த தாளை நீட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். வெள்ளத்தைப் பற்றிய பத்தியில் விரல் நின்றது. கடைசி வரி வரை போய், மீண்டும் மேலே வந்து படித்தார்.

"நல்லா எழுதியிருக்கேம்மா. இருக்கட்டும். இப்படியே வாசி."

ஞானம்மாள் காபி டம்ளர்களை எடுக்க வந்தவள் அப்படியே நின்றாள்.

"என்ன இருக்கட்டும்? இன்னும் எத்தனை நாளைக்கு?"

"நீ உள்ள போ."

"போக மாட்டேன். ஜீவிதா, அந்த மதிலை இடிச்சது உங்க அப்பா இல்ல. இவரு. தாவீது கூட இருந்தான், கேட்டுப்பாரு."

ஜீவிதா தாளைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அது அவர் கையிலேயே இருந்தது.

"சொல்லுங்க அங்கிள்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"காலையில ஆறு மணி. பின்தெருவுல கழுத்தளவு தண்ணி. மதிலுக்கு அந்தப் பக்கம் ஜனங்க கூப்பிடுறாங்க. இந்தப் பக்கம் நம்ம மர யார்டுல இடுப்பளவுதான். மதிலை இடிச்சா தண்ணி யார்டு வழியா வந்து முன்கேட்டு வழியா ரோட்டுக்கு இறங்கிடும். நான் இடிக்கணும்னேன். உங்கப்பா கூடாதுன்னாரு. முதலாளி ஊர்ல இல்ல, இது அவர் சொத்து, நான் காவல்னாரு. நான் கெட்ட வார்த்தையெல்லாம் பேசிட்டேன். மரம் தூக்குற லோடர்ல ஏறி ஸ்டார்ட் பண்ணிட்டேன். முன்னாடி வந்து நின்னுட்டாரு."

"வண்டிக்கு முன்னாடியா?"

"ஆமா. 'அரை மணி நேரம் குடு முத்து'ன்னாரு. நேரம் கடத்துறாருன்னு நினைச்சேன். அவர் என்ன சொன்னாருன்னா, தண்ணி வேகமா வந்தா பைனும் தேக்கும் மிதக்கும், முன்கேட்டு வழியா ரோட்டுக்குப் போயிடும், ரோட்டுல கயிறு பிடிச்சிக்கிட்டு பிள்ளை குட்டியோட ஜனங்க நடக்குது, ஒரு மரம் மோதினா பத்து பேர் செத்துருவாங்கன்னாரு. எனக்கு அது தோணவே இல்லம்மா. முப்பது வருஷம் மரத்தோட இருந்தவன், எனக்குத் தோணல. தாவீதையும் இன்னும் நாலு பேரையும் கூப்பிட்டு, கம்பிக்கயிறை எடுத்து ஒவ்வொரு அடுக்கையும் ஷெட்டுத் தூணோட சேத்துக் கட்டினாரு. அவரே தண்ணியில இறங்கிட்டாரு. சுகர் வேற. உள்ளங்கை ரெண்டும் கிழிஞ்சு போச்சு."

அவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

"கட்டி முடிச்சிட்டு வெளிய வந்தாரு. இப்ப இடிக்கட்டுமான்னு கேட்டேன். 'என் வாயால சொல்ல மாட்டேன் முத்து'ன்னுட்டு முன்கேட்டைத் திறக்கப் போயிட்டாரு. திரும்பியே பாக்கல. நான் இடிச்சேன்."

"அப்புறம் பேப்பர்ல..."

"பேப்பர்காரங்க மேனேஜர் யாருன்னு கேட்டாங்க, படம் எடுத்தாங்க. அதுல தப்பு இல்ல. சங்க விழாவுல சால்வை போட்டாங்க. அதுலயும் தப்பு இல்ல. மூணாவது வரிசையில உக்காந்து நானும் கை தட்டினேன். மைக்கைக் குடுத்தாங்க. 'நான் அன்னைக்கு முடிவெடுத்தேன்'னு ஆரம்பிச்சாரு. 'நாங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். அடுத்த வாரம் தூத்துக்குடிக்கு மாத்தல் கேட்டு வாங்கிக்கிட்டுப் போயிட்டேன். ரிட்டயர் ஆனப்புறம்தான் இங்க திரும்பி வந்தேன்."

சொல்லிவிட்டு அவர் தாளை நாலாக மடித்து அவளிடம் கொடுத்தார்.

"அவர் உயிரோட இருந்தப்ப கேக்காததை இப்ப எதுக்குக் கேக்கணும். நீ எழுதினதை வாசி. நான் கீழ உக்காந்து கேட்டுக்கிறேன்."

ஜீவிதா வீட்டுக்கு வந்து, ஈரக்காலோடு அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"உனக்கு முதல்லயே தெரியுமாம்மா?"

"விழா முடிஞ்சு வந்தவர் சால்வையைக்கூடக் கழட்டல. 'மேடை ஏறினதும் நாக்கு தானா நான்னு சொல்லிடுச்சு அமலா'ன்னாரு. போய் மன்னிப்புக் கேளுங்கன்னேன். நாளைக்கு, நாளைக்குன்னாரு. அனகாபுத்தூர் வரைக்கும் நாலு தடவை போயிருக்காரு. சந்து முனையில நின்னுட்டுத் திரும்பி வந்துருவாரு."

"அப்ப நான் அந்தப் பத்தியை எடுத்துடறேன். மதில் பத்தியே வேணாம்."

"எதுக்கு எடுக்கணும்? நடந்ததை எழுது."

"நடந்ததை எழுதினா அப்பா பொய் சொன்னாருன்னு எழுதணும்மா. பெட்டியில படுத்திருக்காரு. நானூறு பேர் முன்னாடி அவர் மகளே அவரை அசிங்கப்படுத்தணுமா? ஜோஸ்வின் ஒத்துக்கவே மாட்டான்."

அமலராணி பெட்டியின் கண்ணாடி மேல் படிந்த ஈரத்தை உள்ளங்கையால் துடைத்தாள். உள்ளே அவர் முகம் தெளிவாகத் தெரிந்தது.

"கதவு பைனுன்னு சொல்லி உன் சம்பந்தத்தையே கெடுத்த மனுஷன் இவரு. வாய்க்கு வந்த உண்மையைச் சொல்லாம இருக்க அவருக்குத் தெரியாது. ஒரே ஒரு தடவை சொல்லாம விட்டாரு. பத்து வருஷம் அதை வச்சிக்கிட்டுத் தூங்காம கிடந்தாரு. அவரால சொல்ல முடியல. நாம சொல்லிட்டா அவருக்கு பாரம் குறையும். அசிங்கம்னு எனக்குத் தோணல ஜீவி."

சாயந்திரம் வந்து சேர்ந்த ஜோஸ்வின் முதலில் கோபப்பட்டான். "நாலு பேர் நல்லா சொல்றாங்க, அதையும் கெடுக்கணுமா?" என்றான். பிறகு தாவீதை அழைத்துத் தனியாகப் பேசிவிட்டு வந்தான். மதில் இடிந்த இடம், கயிறு கட்டிய தூண்கள் எல்லாவற்றையும் தாவீது கையால் வரைந்து காட்டியிருக்கிறான். வந்தவன் அக்காவிடம், "கயிறு கட்டினதை விட்டுடாத. அதையும் முழுசா எழுது" என்று மட்டும் சொன்னான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மழை விட்டு வெளிறிய வெயில் அடித்தது. இரண்டு மணிக்குச் சவப்பெட்டி வந்தது. வீட்டிலிருந்து எடுக்கப்போகும் நேரத்தில் சுவிசேஷமுத்துவும் ஞானம்மாளும் வந்தார்கள். வாசலில் கூட்டம் தானாக விலகியது. எல்லோருக்கும் இருவர் சங்கதியும் கொஞ்சம் கொஞ்சம் தெரியும். அவர் நேராகப் பெட்டியிடம் போனார். முகத்தைப் பார்ப்பதற்கு முன், பெட்டியின் பக்கவாட்டில் விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டினார்.

"ரப்பர் மரம்," என்றார் அமலராணியிடம். "சரிதான். தேக்கைக் கொண்டு போய் மண்ணுல புதைச்சா எந்திரிச்சு வந்து திட்டுவாரு."

அமலராணி இரண்டு நாளில் முதல்முறையாகச் சத்தம் போட்டு அழுதாள். அவர் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சர்ச் நிறைந்திருந்தது. மர வியாபாரிகள் சங்கத்திலிருந்து இருபது பேர், மில்லில் வேலை செய்தவர்கள், பின்தெருக்காரர்கள். ஜீவிதா மைக் முன்னால் நின்று நிதானமாக வாசித்தாள். தூத்துக்குடி வெயில், ரங்கூன் வாழைப்பழம், சொத்தை மரத்துக்குப் போட்ட கையெழுத்து. வாழைப்பழத்துக்குப் பின்வரிசையில் சிரிப்பு எழுந்து அடங்கியது. பிறகு வெள்ளம்.

"பத்திரிகையில் வந்தது முழு உண்மை அல்ல," என்று வாசித்தாள். "மதிலை இடிக்க என் அப்பா தயங்கினார். இடித்தவர் அவருடைய நண்பர் திரு. சுவிசேஷமுத்து. அதற்கு முன் தண்ணீரில் இறங்கி, ஒரு மரம்கூட வெளியே போய் யாரையும் கொல்லாதபடி அத்தனையையும் கட்டியவர் என் அப்பா. இரண்டு பேரில் ஒருவர் இல்லாமல் இருந்திருந்தால் அன்றைக்குப் பலர் செத்திருப்பார்கள். மேடையில் என் அப்பா தன்னை மட்டும் சொன்னார். அதற்காகப் பத்து வருடம் வருந்தினார். நாங்கள் குடும்பமாக அவர் சார்பில் மன்னிப்புக் கேட்கிறோம்."

மூன்றாவது வரிசையில் சுவிசேஷமுத்து இரண்டு கைகளாலும் முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்திருந்தார். ஞானம்மாள் அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். பின்தெருவில் இருக்கும் டெபோரா என்கிற பெண், அன்றைக்குக் கைக்குழந்தையோடு மீட்கப்பட்டவள், எழுந்து வந்து அவர் பக்கத்தில் இடம் கேட்டு உட்கார்ந்தாள்.

கல்லறைத் தோட்டத்தில் குழி ஓரம் வழுக்கியது. மில்காரர்கள்தான் பெட்டியை இறக்கினார்கள். தாவீது கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா, அந்தாண்ட கொஞ்சம் விடு" என்று மில்லில் சொல்வதுபோலவே சொல்லிக்கொண்டிருந்தான். முதல் பிடி மண்ணை ஜோஸ்வின் போட்டான். இரண்டாவது பிடிக்கு அவன் சுவிசேஷமுத்துவின் கையைப் பிடித்து முன்னால் இழுத்துவந்தான்.

வீட்டுக்குத் திரும்பியபோது ஐந்து மணி. சபைக்காரர்கள் சோறும் பருப்பும் உருளைக்கிழங்குப் பொரியலும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஃப்ரீசர் பெட்டியை எடுத்துவிட்ட ஹால் பெரிதாகத் தெரிந்தது. சுவிசேஷமுத்து வாசலிலேயே நின்று, "நாங்க கிளம்புறோம்மா, மழை வரும்" என்றார்.

"சாப்பிடாம எங்க போறீங்க அண்ணா? உள்ள வாங்க."

அவர் உள்ளே வந்து உட்கார்ந்தார். அமலராணி தன் கையாலேயே பரிமாறினாள். அவர் இரண்டு வாய் சாப்பிடுகிற வரை காத்திருந்தாள்.

"ஜீவி வாசிச்சதுல பாதி எனக்கே புதுசுண்ணா. முப்பத்தெட்டு வருஷத்துல வருஷத்துக்கு ஆறு மாசம் எங்கயோ இருந்தாரு. வந்தா களைச்சுப்போய் வருவாரு, நானும் நோண்டிக் கேக்க மாட்டேன். ரங்கூன்ல வாழைப்பழம் தின்னாருன்னு இன்னைக்குத்தான் தெரியும். தெரிஞ்சிருந்தா ஊறுகாயாவது கட்டிக் குடுத்திருப்பேன்."

"கட்டித்தான் குடுத்தீங்க."

"நானா?"

"எலுமிச்சை ஊறுகாய். ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய. அதை அந்த லாட்ஜ்காரன் பிள்ளைக்குக் குடுத்துட்டாரு. நம்ம ஊர் ஜாடையா இருக்கான்னு சொல்லி."

அமலராணி நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"அது எந்த வருஷம்ணா?"

அவர் சோற்றில் கையை வைத்தபடி யோசித்தார். ஜோஸ்வின் வந்து தரையில் உட்கார்ந்தான். ஜீவிதா தண்ணீர் சொம்போடு நின்றவள் நின்றபடியே கேட்டாள்.

"தொண்ணூத்தி ரெண்டு," என்றார் சுவிசேஷமுத்து. "பிப்ரவரி மாசம். அப்பல்லாம் எங்களுக்கு ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே கோட்டு. மீட்டிங்குக்கு யார் பேசப் போறாங்களோ அவங்க போட்டுக்குவோம். அன்னைக்கு அவர் முறை..."